போய்த் திரும்பினால்தான் கணக்கு

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் நாம் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், உப்புவெளியில் புதுப் புதுப் பந்தயக் கார்களை ஓட்டிப் பரீட்சை பார்க்கும் காரியத்தைப் பற்றியதாகும். "எங்கேயோ அமெரிக்காவில் எவனோ ஒருவன் காரை மணிக்கு 300 மைலில் ஓட்டினால் என்ன, 400 மைலில் ஓட்டினால் என்ன? அதனால் அரிசி விலை குறையப் போகிறதா?" என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். அப்படிக் கேட்பது தப்பில்லை, கேட்கவே வேண்டும். அரிசி விலை குறையாது என்பதை நாமும் ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் ஒருவன் "நான் இதைச் செய்தேன்" என்று சொன்னால், அதை அவன் வாய்வார்த்தைக்காகவோ, பணத்துக்காகவோ, பட்டத்துக்காகவோ, அவனுடைய பாட்டன் பெருமைக்காகவோ ஒப்புக்கொள்ளாமல், "நடத்திக் காட்டு, அளந்து பார்க்கிறோம், மறுபடியும் நடத்திக் காட்டு, மறுபடியும் அளந்து பார்க்கிறோம்" என்று சொல்லுகிற இடம் உலகத்தில் எங்கே இருந்தாலும், அது பகுத்தறிவுள்ளவனுக்கு ஒரு பள்ளிக்கூடமேயாகும். அந்த உத்தேசத்தோடுதான் இதைப் பேச முன்வந்தோமே ஒழிய, கார் வேடிக்கை சொல்லிக் கைதட்டல் வாங்குவதற்காக அல்ல.

இடம் எப்படிப்பட்டது?

அமெரிக்காவில் யூட்டா என்கிற மாகாணத்தில், வெண்டோவர் என்கிற சிற்றூருக்குப் பக்கத்தில், பானவில் உப்புவெளி என்று ஓர் இடம் இருக்கிறது. பல ஆயிரம் வருஷங்களுக்கு முன் அங்கே ஒரு மாபெரும் ஏரி இருந்தது. ஏரி வற்றியது, தண்ணீர் ஆவியாய்ப் போயிற்று, அதில் கரைந்திருந்த உப்பு மாத்திரம் தங்கிப் பாளம் பாளமாய் இறுகியது. சுமார் 30,000 ஏக்கர் பரப்பு. குளிர்காலத்தில் அதன்மேல் மழைத் தண்ணீர் மெல்லியதாய்த் தேங்கும். கோடையில் வெயிலும் காற்றும் அதை வற்றச் செய்யும். இப்படி வருஷாவருஷம் தண்ணீரே கொத்தனாராய் இருந்து, மட்டப்பலகை போட்டுத் தேய்த்த மாதிரி அந்தத் தரையைச் சமப்படுத்திவிடுகிறது. மரம் இல்லை, மேடு இல்லை, வீடு இல்லை. உப்புக்குள் ஈரம் இருப்பதால் வேகமாய்ச் சுழலும் டயர் அளவுக்கு மேல் சூடேறுவதும் குறைகிறது. இவ்வளவுதான் அந்த இடத்தின் மகிமை. வேறு ஸ்தல புராணம் ஒன்றும் அதற்குக் கிடையாது.

அந்த வெளியில் நின்று பார்த்தால் தூரத்தில் ஒரு மலை தரையை விட்டு எழும்பி அந்தரத்தில் நிற்பதுபோல் தோன்றும். அதற்கு "மிதக்கும் தீவு" என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதன் அடியில் போய் ஒருவனும் உண்டியல் வைக்கவில்லை. தரைக்கு மேலுள்ள சூடான காற்று ஒளியை வளைப்பதனால் ஏற்படும் கானல் தோற்றம் என்று தெரிந்துகொண்டு, மேலே ஆகவேண்டிய வேலையைப் பார்க்கிறார்கள். ஆயிரம் பேர் சேர்ந்து கண்ணால் கண்டாலும், கண்ட மாத்திரத்தில் ஒரு சங்கதி உண்மையாகிவிடாது என்பதற்கு அந்த மலையே சாட்சியாக நிற்கிறது. ஆகவேதான் அங்கே கண் சாட்சிக்கு மதிப்பில்லை; கடிகாரத்துக்கும் அளவுகோலுக்கும்தான் மதிப்பு.

எப்படி அளக்கிறார்கள்?

உலக சாதனை என்று பதிவு செய்வதற்கு ஒரு விதி இருக்கிறது. ஒரு மைல் அல்லது ஒரு கிலோமீட்டர் தூரத்தைத் துல்லியமாய் அளந்து வைத்திருப்பார்கள். கார் வெகுதூரத்திலிருந்தே வேகம் பிடித்து வந்து, அந்த அளவுக்குள் நுழைகிற கணத்தையும் வெளியேறுகிற கணத்தையும் கருவி பதிவு செய்யும். அதோடு முடிந்ததா? இல்லை. ஒரு மணி நேரத்துக்குள் அதே கார் எதிர்த் திசையிலிருந்து அதே தூரத்தை மறுபடியும் ஓடிக் காட்ட வேண்டும். இரண்டு ஓட்டத்தின் சராசரிதான் கணக்கு. இங்கிலாந்தில் புரூக்லண்ட்ஸ் என்கிற ஓட்டக்களத்தில் 1914-ஆம் வருஷமே இந்த இருவழி முறைப்படி சாதனை அளந்திருக்கிறார்கள்.

எதற்காக இந்த வம்பு என்றால், காற்று முதுகைத் தள்ளும்போது சைக்கிள்காரன் எவனும் சூரன்தான். திரும்பி எதிர்காற்றில் மிதிக்கும்போதுதான் அவன் காலின் யோக்கியதை தெரியும். தரை கண்ணுக்குத் தெரியாத சரிவாய் இருந்தாலும் இதே சங்கதிதான். போகும்போது கிடைத்த சலுகை திரும்பும்போது கழிந்துபோக வேண்டும். அப்படிக் கழித்த பிறகு மிச்சம் எவ்வளவோ அதுதான் காரின் சொந்தச் சரக்கு. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். இவர்கள் உப்பில் போட்டாலும் அளந்து போடுகிறார்கள். அதுவும் இரண்டு தரம் அளந்து போடுகிறார்கள்.

சராசரி எடுப்பதிலும் ஏமாறக்கூடாது. ஒரு வண்டிக்காரன் 10 மைல் தூரத்தை மணிக்கு 10 மைல் வேகத்தில் போய், மணிக்கு 5 மைல் வேகத்தில் திரும்பினான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி ஏழரை மைல் என்று அவசரக்காரன் சொல்லுவான். போக ஒரு மணி, வர இரண்டு மணி. ஆக 20 மைலுக்கு 3 மணி. மணிக்கு ஆறேமுக்கால் மைல்கூட ஆகவில்லை என்று கணக்குத் தெரிந்தவன் சொல்லுவான். 1947-ஆம் வருஷம் செப்டம்பர் 16-ந் தேதி பானவிலில் ஜான் காப் என்கிற ஆங்கிலேயர், ரெயில்டன் என்கிற இன்ஜினியர் அமைத்த காரை ஓட்டினார். ஒரு திசையில் அளந்த மைலை 9.3 வினாடி சொச்சத்திலும், மறு திசையில் 8.9 வினாடி சொச்சத்திலும் கடந்தார். அந்த இரண்டாவது வேகம் மணிக்கு 403 மைல். ஆனால் அவருக்குக் கொடுத்தது 403 அல்ல; இரண்டு நேரத்தின் சராசரியைக் கொண்டு 394 மைல்தான் கொடுத்தார்கள். 400-ஐத் தாண்டி ஓடிய மனிதனுக்கு 400 என்கிற பட்டத்தைக் கொடுக்கவில்லை.

இன்னொன்று கேளுங்கள். 1960 செப்டம்பரில் மிக்கி தாம்சன் என்கிற அமெரிக்கர், நான்கு எஞ்சின்களை ஒரே காரில் பூட்டி மணிக்கு 406 மைல் ஓடினார். திரும்பி வருகிற ஓட்டத்தில் யந்திரம் பழுதாகிவிட்டது. சாதனை பதிவாகவில்லை. அவர் சொந்த நாட்டில், சொந்த ஜனங்களுக்கு முன்னால் நடந்த காரியம். "நம்மவன்தானே, போனால் போகிறது, எழுதிவிடு" என்று எவனும் சொல்லவில்லை. பாதிப் பரீட்சைக்கு முழு மார்க்குக் கிடையாது.

அளப்பவனும் தப்புச் செய்யலாம்

இவ்வளவு சொன்னதனால் அளக்கிறவர்கள் தப்பே செய்யாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். தப்பே செய்யாதவன் என்று ஒருவனை ஒப்புக்கொண்டால் அந்த நிமிஷமே அவன் குருவாகிவிடுவான், நாம் மந்தையாகிவிடுவோம். 1935-ஆம் வருஷம் செப்டம்பர் 3-ந் தேதி மால்கம் காம்ப்பெல் என்கிற ஆங்கிலேயர், தமது நீலப்பறவை என்கிற காரைப் பானவிலில் ஓட்டினார். மணிக்கு 300 மைலைத் தாண்ட வேண்டும் என்பது அவர் ஆசை. முதலில் அதிகாரிகள் அறிவித்தது 299 மைல் சொச்சம். சில மணி நேரம் கழித்து, கணக்கில் பிசகு என்று கண்டு, 301 மைல் என்று அவர்களே திருத்தி அறிவித்தார்கள். "ஒருமுறை சொல்லிவிட்டோம், மாற்றினால் மானம் போய்விடும்" என்று பிடிவாதம் செய்யவில்லை.

1938-இல் நடந்தது இதைவிட வேடிக்கை. கேப்டன் ஐஸ்டன் என்பவர் இடிமின்னல் என்று பொருள்படும் பெயருள்ள ஒரு பெரிய காரைக் கொண்டு வந்தார். அலுமினியத் தகடு போர்த்திய வெள்ளி நிறக் கார். அந்த வருஷம் நேரம் குறிக்க ஒளியால் வேலை செய்யும் மின்சாரக் கண்ணை வைத்திருந்தார்கள். வெள்ளை உப்பில் வெள்ளி நிறக் கார் பறந்தபோது அந்தக் கண்ணுக்கு அது தெரியவே இல்லை! கார் ஓடியதை மனிதர்கள் பார்த்தார்கள். ஆனால் கருவி பதிவு செய்யாததனால் ஓட்டம் கணக்கில் ஏறவில்லை. ஐஸ்டன் என்ன செய்தார்? கருவிக்குத் திருஷ்டி பட்டுவிட்டதென்று பூசணிக்காய் உடைத்தாரா? காரின் பக்கத்தில் கறுப்பு வர்ணம் பூசினார். மறுபடியும் ஓடினார். கண்ணுக்குத் தெரிந்தது. ஆகஸ்டு 27-ந் தேதி மணிக்கு 345 மைல் என்று பதிவாயிற்று. காரணத்தைக் கண்டுபிடித்தவனுக்கு ஒரு டப்பா வர்ணம் போதும். காரணத்தைத் தேடாதவனுக்குச் சொத்து முழுவதையும் பரிகாரம் செய்தாலும் போதாது.

புதுக் காரைப் பரீட்சிப்பது

புதுக் காரைக் கொண்டுவந்து முதல் நாளே முழு வேகத்தில் விடுகிறவன் பைத்தியக்காரன். காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாய் ஏறுகிறது. அதாவது வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்கு. அந்தத் தடையை அந்த வேகத்தில் தள்ளிக்கொண்டு போக ஏறக்குறைய எட்டு மடங்கு சக்தி வேண்டும். 200 மைலில் ஒழுங்காய்ப் போன கார் 400 மைலிலும் அப்படியே போகும் என்று நினைப்பதற்கு ஆதாரமே இல்லை. முகப்பு சற்றுத் தூக்கலாய் இருந்தால் காற்று அடியில் புகுந்து காரைத் தூக்கிவிடும். உப்பு, தார்ச்சாலையைப் போலச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளாது, வழுக்கும். டயரில் ரப்பர் தடிப்பாய் இருந்தால் சுழலுகிற வேகத்திலேயே அது பிய்ந்து எறியப்பட்டுவிடும். ஆகையால் மேல் ரப்பரை மிக மெல்லியதாய் வைப்பார்கள். நிறுத்துவதற்குப் பாரசூட் வேண்டும். 1964-இல் கிரெய்க் பிரீட்லவ் என்பவர் மணிக்கு 526 மைல் சாதனை செய்த ஓட்டத்தில், பாரசூட்டுகள் அறுந்துபோய், பிரேக்கும் பிடிக்காமல், கம்பத்தில் மோதி, உப்புத்தண்ணீர்க் குட்டையில் போய் விழுந்து, நீந்தி வெளியே வந்தார். ஓடுவது பாதி வித்தை. நிற்பது மறு பாதி.

ஆகவே படிப்படியாகத்தான் போக வேண்டும். 1949 முதல் ஒவ்வொரு ஆகஸ்டிலும் தென் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஒரு சங்கத்தார் அந்த வெளியில் வேக வாரம் நடத்தி வருகிறார்கள். அங்கே புதிதாய் வருகிறவன் கோடீஸ்வரனானாலும் சரி, கொல்லன் பட்டறைக்காரனானாலும் சரி, முதலில் குறைந்த வேகத்தில் ஓட்டிக் காட்டி உரிமம் பெற்று, பிறகுதான் அடுத்த படிக்குப் போகலாம். காரைப் பரிசோதகர்கள் ஓட்டத்துக்கு முன்பே குடைந்து பார்ப்பார்கள். ஒரு படி ஏறியதும் நிறுத்தி, டயரைப் பார்த்து, எஞ்சினைப் பார்த்து, குறிப்பெழுதி, கோளாறு இருந்தால் திருத்தி, பிறகு அடுத்த படி. இந்தப் பொறுமைதான் விஞ்ஞானம் என்பது. புதுக் கார் வாங்கியவுடன் நான்கு சக்கரத்திலும் நான்கு எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு, பிரேக்கைப் பார்க்காமல் கிளம்புகிறவனுடைய தைரியத்துக்கு வேறு பெயர்.

பொம்மையும் சீட்டும்

இனி நமக்கு மிகவும் சம்பந்தப்பட்ட சங்கதிக்கு வருகிறோம். மூடநம்பிக்கை நம் தேசத்துக்கு மாத்திரம் சொந்தம் என்று எண்ணாதீர்கள். மால்கம் காம்ப்பெல்லின் மகன் டொனால்டு காம்ப்பெல் என்பவர் தகப்பனைப் போலவே தரையிலும் தண்ணீரிலும் வேக சாதனை செய்தவர். அசாத்தியத் துணிவுள்ளவர். இத்தனையும் இருந்தும் பச்சை நிறம் ஆகாது என்று நம்பினார். ஒரு கரடிப் பொம்மையை அதிர்ஷ்டத்துக்காகக் கூடவே வைத்துக்கொண்டார்.

1960 செப்டம்பரில் பானவிலில் இவருடைய புதுக் கார் மணிக்கு 350 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் நிலைதவறி உருண்டது. மண்டை ஓட்டில் விரிசல் விழுந்தும் பிழைத்துக்கொண்டார். இன்ஜினியர்கள் காரைத் திரும்பக் கட்டியபோது, நேராய் ஓடுவதற்காகப் பின்னால் உயரமான ஒரு வால் துடுப்பைச் சேர்த்தார்கள். இரண்டாவது பொம்மையைச் சேர்க்கவில்லை. அந்தக் காரை ஆஸ்திரேலியாவில் அயர் ஏரி என்கிற உப்பேரிக்குக் கொண்டு போனார். 1963-இல் அங்கே மழை கொட்டி வெள்ளம் வந்து ஓட்டம் நின்றது. மறு வருஷம், 1964 ஜூலை 17-ந் தேதி, உப்பு இன்னும் சரியாய்க் காயாத நிலையிலும் மணிக்கு 403 மைல் ஓடி சாதனையை அடைந்தார்.

பிறகு 1967 ஜனவரியில் இங்கிலாந்தில் கானிஸ்டன் ஏரியில் ஜெட் படகு ஓட்டத்துக்குத் தயாராய் இருந்தார். 3-ந் தேதி இரவு சீட்டு விளையாடும்போது இஸ்பேட்டு ராணியும் இஸ்பேட்டு ஆஸும் அவர் கைக்கு வந்தன. கெட்ட சகுனம் என்று கலங்கினார். மறுநாள் காலை முதல் ஓட்டத்தில் மணிக்கு 297 மைல் போயிற்று. திரும்பும் ஓட்டத்தில் படகு மூக்கைத் தூக்கி, அந்தரத்தில் புரண்டு, தண்ணீரில் மோதிச் சிதறியது. அவர் மாண்டார்.

"பார்த்தீர்களா, சீட்டு பலித்துவிட்டது!" என்று சகுனக்காரன் குதிப்பான். நாம் கேட்கிறோம்: அதற்கு முந்தி எத்தனை இரவுகள் சீட்டாடியிருப்பார்? எத்தனை கெட்ட சீட்டு வந்து ஒன்றும் நடக்காமல் போயிருக்கும்? அவற்றை எவனாவது எழுதி வைத்தானா? பலித்ததை மாத்திரம் எண்ணுகிறவன், போன ஓட்டத்தை மாத்திரம் எண்ணி, திரும்பிய ஓட்டத்தை எண்ணாமல் விடுகிற மோசடிக்காரனுக்கு ஒப்பாவான். சீட்டுக் கணக்கையும் இருவழியும் ஓட்டிப் பார்க்க வேண்டும். விபத்தை ஆராய்ந்தவர்கள், வழக்கம்போல் எண்ணெய் நிரப்பிக் காத்திராமல் உடனே திரும்பியதையும், முதல் ஓட்டத்தில் எழுந்த அலையையும், மூக்கின் அடியில் புகுந்த காற்றையும், எஞ்சின் சக்தி குறைந்ததையும் பற்றித்தான் வாதிக்கிறார்கள். எது எவ்வளவு காரணம் என்பதில் அவர்களுக்குள் அபிப்பிராய பேதம் உண்டு. ஆனால் இஸ்பேட்டு ராணி எவர் ஜாபிதாவிலும் இல்லை. அவரைக் காப்பாற்ற வேண்டிய கரடிப் பொம்மையோ, உடைந்த சாமான்களோடு தான் மாத்திரம் தண்ணீரில் மிதந்து தப்பித்துக்கொண்டது. ரக்ஷை கட்டுகிறவர்களும் கட்டிக்கொள்ளுகிறவர்களும் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டுகிறோம்.

ஏழையின் பட்டறை

இதெல்லாம் பணக்காரன் விளையாட்டு என்றால், பெரும்பாலும் வாஸ்தவம். பெரிய கம்பெனிகளின் பணமும் தேச கர்வமும் இதில் நிறைய இருக்கின்றன. ஆனால் நியூஸிலாந்தில் பர்ட் மன்றோ என்று ஒருவர் இருந்தார். அவரிடம் இருந்தது 1920-ஆம் வருஷத்து இந்தியன் மோட்டார் சைக்கிள் ஒன்று. அதன் உறுப்புகளைத் தம் கொட்டகையிலேயே உருக்கி வார்த்தும், ராவியும், உடைந்தால் மறுபடி செய்தும் பல பத்து வருஷங்கள் பாடுபட்டார். 1967-இல், 68-வது வயதில், அந்த வண்டியைப் பானவிலில் ஓட்டித் தம் வகுப்பில் மணிக்கு 183 மைல் சொச்சம் என்று சாதனை பெற்றார். 1978-இல் இறந்துபோனார். பிறகு அவர் மகன் பழைய கணக்கைப் பார்த்து, அதில் பிசகு இருப்பதைக் கண்டு எடுத்துக் காட்டினார். 47 வருஷம் கழித்து, 2014-இல், அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கத்தார் அதை 184 மைல் சொச்சம் என்று திருத்தினார்கள். வித்தியாசம் அரை மைல்தான். செத்துப்போன ஓர் ஏழைக் கிழவனுக்கு அந்த அரை மைலைத் திருப்பிக் கொடுத்தார்களே, அதுதான் நாகரிகம் என்று நாம் சொல்லுகிறோம்.

உப்புக்கும் கணக்கு உண்டு

கடைசியாக ஒன்று. அந்த உப்புத்தரையே இப்போது மெலிந்து வருகிறது. முன்னே கிடைத்த நீளத்துக்கு இன்று நல்ல பாதை கிடைப்பதில்லை. 2014, 2015, 2022 ஆகிய வருஷங்களில் தரை கெட்டு வேக வாரமே நின்றுபோயிற்று. அங்கேயும் தெய்வ குற்றம் என்று எவரும் படுத்துவிடவில்லை. உப்பின் கனத்தை அளந்தார்கள். பக்கத்தில் பொட்டாஷ் எடுப்பதற்காக வாய்க்கால் வெட்டி உப்புநீரை இழுப்பது ஒரு காரணம் என்று வாதம் எழுந்தது. 1997 முதல் சில வருஷம் உப்புநீரைத் திரும்ப அந்த வெளியிலேயே இறைத்துப் பார்த்தார்கள். அது எவ்வளவு பயன் தந்தது என்பதையும் அளந்துகொண்டே இருக்கிறார்கள். எடுத்தவன் திருப்பி வைக்க வேண்டும் என்கிற நியாயம் மனிதனுக்கும் மண்ணுக்கும் ஒன்றுதான்.

ஆகவே தோழர்களே! இந்தக் கார்க்காரர்களை நீங்கள் பூஜிக்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. அவர்களில் கர்வம் பிடித்தவர்களும் உண்டு; வீணாய் உயிரை விட்டவர்களும் உண்டு. பழைய சாமிகளை இறக்கிவிட்டு அந்த இடத்தில் எஞ்சின் சாமியை ஏற்றி வைப்பதால் நமக்கு ஒரு லாபமும் இல்லை. அவர்களிடத்தில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த விதி ஒன்றுதான். எவன் வந்து எதைச் சொன்னாலும், மருந்து விற்கிறவனானாலும், ஜோசியம் சொல்லுகிறவனானாலும், வோட்டுக் கேட்கிறவனானாலும், மேடை ஏறிப் பேசுகிற நாமானாலும், "போனது சரி, திரும்பி வந்து காட்டு, யார் அளந்தது, எப்படி அளந்தது, கணக்கைக் காட்டு" என்று கேளுங்கள். கேட்டதற்குக் கோபித்துக்கொள்ளுகிறவன் கணக்கில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். நாம் சொன்னதிலும் சரியென்று உங்கள் புத்திக்குப் பட்டதை மாத்திரம் எடுத்துக்கொண்டு, மற்றதைத் தள்ளிவிடும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.